நிழல் அளந்த பிள்ளை

என் பணத்தில் கட்டிய பள்ளிக்கூடக் கட்டடத்தைத் திறந்துவைக்க என்னையே கூப்பிட்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் கையால் திறந்த பள்ளிக்கூடம் இந்த ஜில்லாவில் அது ஒன்றாகத்தான் இருக்கும். மாலை போட்டார்கள், சால்வை போட்டார்கள், மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "ஐயா, உங்களை அப்பா அம்மா எப்படி வளர்த்தாங்கன்னு பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார் தலைமை ஆசிரியர். எனக்குப் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? "புளிய விளாரால வெளுத்து வளர்த்தாங்க. தப்புப் பண்ணுனா தோல் உரிஞ்சிரும். அதனாலதான் இன்னைக்கு என் வாய்ச்சொல்லை நம்பி நாலு ஜில்லா வியாபாரி மூட்டைய ஏத்தி அனுப்புறான்" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

வீட்டுக்கு வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். மகன் அப்போதுதான் மண்டியிலிருந்து வந்தான். "இங்கிட்டு வந்து ஒக்காரு" என்று பக்கத்து இடத்தைக் காட்டினேன். சொன்ன பிறகுதான் அந்தக் குரல் என் அப்பாவுடைய குரல் மாதிரியே இருந்தது எனக்குக் கேட்டது. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மேடையில் நான் சொன்னது பொய் இல்லை. விளாரால் வாங்கியது உண்மை. ஆனால் எந்தத் தப்புக்குத் தோலை உரித்திருக்க வேண்டுமோ, அந்தத் தப்புக்கு என் தோல் உரியவில்லை. அதைப் பற்றி என் பெண்டாட்டியிடம்கூட நான் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பேத்தி திருத்தட்டும். சங்கதியைத் திருத்த வேண்டாம்.

எங்கள் ஊர் ஆலங்குடிக்குக் கிழக்கே. புதுக்கோட்டையில் மன்னர் ஆட்சி நடந்த காலம் அது. தர்பார், யானை, தேர் எல்லாம் அங்கே. எங்களுக்கு ராஜா எங்கள் கிணறுதான். அது கொடுத்தால் தின்போம், கொடுக்காவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்போம்.

அந்தக் கிணறு எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது நிலத்தைப் பிரித்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள், வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். கிணற்றை எப்படிப் பிரிப்பது? தண்ணீரை நேரத்தால் பிரித்தார்கள். கோடையில் இரவெல்லாம் ஊறிய தண்ணீர், விடிந்து கமலையில் மாட்டைப் பூட்டி இறைத்தால் உச்சிவேளைக்குள் தீர்ந்துவிடும். அந்த அரைப் பகலை இரண்டாக்கி, முன்பாதி ஒரு வீட்டுக்கு, பின்பாதி மற்ற வீட்டுக்கு என்று வைத்துக்கொண்டார்கள்.

கடிகாரம் யாரிடம் இருந்தது? நிழல்தான் கடிகாரம். வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். தலையின் நிழல் விழும் இடத்தில் ஒரு கல்லையோ குச்சியையோ குறி பார்த்துக்கொள்ள வேண்டும். நின்ற இடத்திலிருந்து அந்தக் குறி வரைக்கும் குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல ஒவ்வொரு காலாக வைத்து எண்ணிக்கொண்டே போக வேண்டும். சின்ன ஆளுக்குச் சின்ன நிழல், சின்னக் கால். பெரிய ஆளுக்குப் பெரிய நிழல், பெரிய கால். யார் அளந்தாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். காலையில் பதினைந்து, இருபது என்று இருப்பது வெயில் ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும். ஆறடிக்கு வந்தால் முதல் வீட்டுக்காரன் மாட்டை அவிழ்க்க வேண்டும். இதுதான் எங்கள் கிணற்றுச் சட்டம்.

இதில் இன்னொரு சட்டமும் உண்டு. நிழலைப் பெரியவர்கள் அளக்கக்கூடாது. பெரியவன் அளந்தால் தனக்கு வேண்டியபடி காலை ஒட்டியும் வைப்பான், எட்டியும் வைப்பான். பால்பல் விழுந்து முளைக்கிற வயசுப் பிள்ளைதான் அளக்க வேண்டும். எந்த வீட்டுப் பிள்ளையானாலும் சரி, அது சொன்னதே சொல். அளந்ததை மறுபடி அளக்கவும் கூடாது. அளந்தால் ஊற்று கோபித்துக்கொண்டு வற்றிவிடும் என்பார்கள். பிள்ளை பொய் சொல்லாது என்று அத்தனை பேரும் நம்பினார்கள். பிள்ளையாக இருந்தவர்கள்தானே அத்தனை பேரும்? அது எப்படி அவர்களுக்கு மறந்துபோயிற்று என்று இந்த வயதிலும் எனக்கு விளங்கவில்லை.

முதலில் அளந்தது பெரியப்பா மகள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் பெரியமனுஷி ஆனதும் அந்த வேலை எட்டு வயதில் என் கைக்கு வந்தது. அதற்குள் பெரியப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியாத்தாவும் அக்காவும் மட்டும்தான்.

எங்கள் வீட்டில் வேலைக்கெல்லாம் ஆள் குறித்திருந்தது. அப்பா உழுவார், கமலை ஓட்டுவார். ஆத்தா மண்வெட்டியை வைத்துக்கொண்டு பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிவிடுவாள். அடுப்பு, மாடு, விதைப்பானை எல்லாம் அவள் பொறுப்பு. சாணி அள்ளுவது, கஞ்சிக் கலயம் சுமப்பது, நிழல் அளப்பது என்னுடையவை. அப்பா என்னோடு பேசுவது மாதத்துக்கு நாலு வார்த்தை இருக்கும். தப்புச் செய்தால் அதுவும் கிடையாது. வீட்டு இறவாரத்தில் செருகியிருக்கும் விளார்தான் பேசும். ஆத்தாவுக்குக் கையும் நீளம், வாயும் நீளம். ஒருநாள் கல் தடுக்கிக் கஞ்சியைக் கொட்டிவிட்டேன் என்று வாய்க்கால் நெடுக விரட்டி விரட்டி வெளுத்தாள். சாப்பாட்டிலும் ஒரு வரிசை உண்டு. அப்பா நடுவீட்டில் தனியாக உட்கார்ந்து வெண்கலக் கும்பாவில் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் எனக்கு. எனக்கு அடுப்படி வாசலில். ஆத்தாவுக்கு மிச்சம் இருந்தால் உண்டு.

சுவருக்கு அந்தப் பக்கம் வேறு தினுசு. பெரியாத்தாதான் கமலை ஓட்டுவாள். வடத்தில் ஏறி உட்கார்ந்து அவள் மாட்டைச் சரிவில் இறக்கும்போது வண்டித்தடத்தில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அக்கா தண்ணீர் திருப்புவாள். இரண்டு பேரும் ஒரே சட்டியில் கரைத்து ஒரே நேரத்தில் குடிப்பார்கள். பெரியாத்தா அக்கா மேல் கை வைத்து நான் பார்த்ததே இல்லை. "ஏன் இப்படிச் செஞ்ச?" என்று கேட்பாள். அக்கா உள்ளதைச் சொல்லுவாள். "சரி, இனிமே செய்யாத" என்பாள். அதோடு முடிந்தது.

என் ஆத்தாவுக்கு அது பொறுக்காது. "ஆம்பளையில்லாத வீட்டுப் பிள்ளை, கட்டுத்தறி இல்லாத கன்னுக்குட்டி. நாளைக்கு ஊர் மேயப் போகுது பாருங்க" என்று சுவருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லுவாள்.

"கன்னுக்குட்டிக்கு எது தன் வீடுன்னு தெரியும்டியம்மா. தெரியாததுக்குத்தான் தறி வேணும்" என்று சுவருக்கு அங்கிட்டிருந்து பதில் வரும்.

எனக்கு அந்தப் பக்கம்தான் பிடிக்கும். பெரியாத்தா என்னை "அப்பு" என்றுதான் கூப்பிடுவாள். உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். இதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அவள் மேல் எனக்கு வெறுப்பிருந்து அதைச் செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வெறுப்பிருந்து செய்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது.

நான் அளக்கத் தொடங்கிய மறுவருஷக் கோடையில் இரண்டு வீட்டிலும் கேப்பை போட்டிருந்தோம். மாசி முடிந்து பங்குனி பிறந்தும் ஒரு சொட்டு மழை இல்லை. முதல் முறை எங்களுக்கு, இரண்டாவது முறை அவர்களுக்கு. மூத்த வீடு என்று முதல் முறைதான் அவர்களுக்குப் பாத்தியம். ஆனால் ஆளில்லாத வீடு, விடியக்காலையில் பால் கறந்து மாட்டுக்குத் தீனி வைத்து வர நேரமாகும் என்று பெரியாத்தாவே கேட்டு மாற்றிக்கொண்டாள். அந்த ஒரு வசதியை அவள் கேட்காமல் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அவளுக்கு அந்தக் கேப்பை வெறும் கேப்பை இல்லை. அன்னவாசல் பக்கத்திலிருந்து அவளுடைய அண்ணன் இரண்டு தடவை வந்து, "பொம்பளை தனியா என்னத்தக் கிழிக்கப்போற? பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துரு" என்று கூப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். "இந்த வெள்ளாமை வீடு வந்து சேரட்டும்ண்ணே. சேந்துருச்சுன்னா நான் ஒருத்தர் அடுப்படிக்கும் போக மாட்டேன். சேரலேன்னா நீ கூப்பிடாமயே வாரேன்" என்று அவள் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

முதல் பொய் வாயில் தானாக வந்தது. எங்கள் வயலில் கடைசி வரிசைப் பாத்திகள் காய்ந்து கிடந்தன. நான் களத்துமேட்டில் நிழலை அளந்துவிட்டுத் திரும்பினேன். ஆறடி. அப்பா சரிவின் கீழே மாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தனை?"

அவர் முகத்தில் வேர்வை வடிந்துகொண்டிருந்தது. வயலில் ஆத்தா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தாள். என்னமோ என் தலையில்தான் அந்தப் பாத்தியெல்லாம் காய்கிற மாதிரி இருந்தது. "எட்டு" என்றேன்.

அப்பா ஒரு விநாடி என்னைப் பார்த்தார். அப்புறம் வானத்தைப் பார்த்தார். அவருக்கு நிழலே வேண்டாம். வெயில் பிடரியில் விழுகிற சூட்டை வைத்தே நேரம் சொல்லக்கூடிய ஆள். "சரி" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டினார். கடைசிப் பாத்திவரை தண்ணீர் பாய்ந்தது.

அன்றைக்கு மத்தியானம் நான் வழக்கம் போல அடுப்படி வாசலில் போய்க் குந்தினேன். நடுவீட்டிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"இங்கிட்டு வந்து ஒக்காரு."

யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். ஆத்தா, "ஒன்னயத்தான்டா, போ" என்றாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆத்தா எனக்கும் ஒரு கும்பா வைத்துக் கருவாட்டுக் குழம்பில் பெரிய துண்டாகப் பார்த்துப் போட்டாள். என் தொடையும் அவர் தொடையும் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் இதுவரைக்கும் எத்தனையோ பெரிய மனிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்த மாதிரி ஒரு சாப்பாடு பிறகு நான் சாப்பிடவில்லை.

அதன் பிறகு அது பொய்யாக இல்லை, வேலையாகிவிட்டது. தினம் ஆறடியை எட்டு என்றேன். நாலரைக்கு வந்தபோது ஆறு என்றேன். பெரியாத்தா கமலை பூட்டும்போது கிணற்றில் பாதிக்கும் கீழேதான் தண்ணீர் இருக்கும். இருபது சால் தண்ணீர் இறைப்பதற்குள் சேறு வரும். "ஊத்து கம்மியாயிருச்சு போல கொழுந்தனாரே" என்பாள். "கோடைதானே மதினி" என்பார் அப்பா. கஞ்சியைக் கொட்டினதற்கு வாய்க்கால் நெடுக விரட்டின ஆத்தா இதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழம்புத் துண்டு மட்டும் தினம் பெரியதாக விழுந்தது.

அவர்கள் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க இதை எழுதவில்லை. "பொய் சொல்லு" என்று அவர்கள் ஒருநாளும் சொல்லவில்லை. நான் மறுநாளே ஆறை ஆறு என்றிருந்தால் அப்பா மாட்டை அவிழ்த்திருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும். அடுப்படி வாசலுக்குத் திரும்பிப் போக எனக்குத்தான் மனசில்லை.

கதிர் பால் பிடிக்கிற சமயம். பெரியாத்தா கேப்பையின் தோகை நுனி கருக ஆரம்பித்தது. ஒருநாள் காலை நான் நின்று குறி பார்த்து, நாலரை எண்ணி, "ஆறு" என்று கத்தினேன். கத்திவிட்டுத் திரும்பினால் அக்கா நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. நான் நின்ற இடத்திலேயே வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தலை நிழல் விழுந்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, குதிகாலும் விரலும் ஒட்ட நடந்தாள். அவள் உதடு எண்ணுவது எனக்குத் தெரிந்தது.

"நாலரை" என்றாள்.

"ஆறு" என்றேன்.

"எந்தக் கணக்குலடா ஆறு? எனக்கு எண்ணத் தெரியாதா? ஒனக்கு முந்தி நான் அளந்தவடா!" என்று சத்தம் போட்டாள்.

சத்தம் கேட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியாத்தா நின்றாள். அப்பா கிணற்று மேட்டில் நின்றபடியே, "என்ன மதினி இது? பிள்ளை அளந்து சொன்னத வயசுக்கு வந்த பொண்ணு திருத்துனா அப்புறம் எதுக்கு மொறை, கட்டு? இனிமே ஆளுக்கு ஆள் அளக்குறதா?" என்றார். குரல் உயரவே இல்லை.

பெரியாத்தா கயிற்றை அக்காவிடம் கொடுத்துவிட்டு என் முன்னால் வந்து குனிந்தாள்.

"அப்பு, ஒன் வாயால சொல்லு. நீ சொன்னா எனக்குச் சரி. எத்தனை?"

அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. வெத்தலை வாசனை. நான் அவள் தோளுக்கு மேலே அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆறு, பெரியாத்தா."

"பொய்யி! ஆத்தா, அவன் வாய் கூசாமப் பொய் சொல்றான். திருட்டுப் பயலுக!" என்றாள் அக்கா.

பெரியாத்தா திரும்பின வேகத்தில் அக்காவின் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. கயிறு அக்காவின் கையிலிருந்து நழுவியது. மாடு மிரண்டு இரண்டு எட்டு விலகியது.

"பச்சப்பிள்ளையப் பாத்துப் பொய்யிங்கிறியா? ஒரு மொளம் இல்லாத பிள்ளைக்குத் திருடத் தெரியுமா? ஒன் புத்தி எப்படி இப்படிப் போச்சு?"

அக்கா அழவில்லை. கன்னத்தில் கையைக்கூட வைக்கவில்லை. தன் ஆத்தாவை, முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். அப்புறம் கயிற்றைக் குனிந்து எடுத்தாள். அதன் பிறகு அவள் நிழல் பக்கமே வரவில்லை. ஊருணியில் எஞ்சிக்கிடந்த கலங்கல் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து கேப்பைக்கு ஊற்றினாள். குடத்துத் தண்ணீருக்கு எந்த வயல் அசையும்?

கதிரெல்லாம் சாவியாய்ப் போனது. அறுத்துக் கசக்கினால் கையில் உமிதான். எங்கள் வயலில் கதிர் கனத்துத் தலை சாய்ந்து நின்றது. வரப்பு ஒன்றுதான் நடுவே.

சித்திரை கழிவதற்குள் அன்னவாசல் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெரியாத்தா வீட்டைப் பூட்டிச் சாவியை அப்பாவிடம் கொடுத்தாள். "நெலத்தத் தரிசாப் போட வேணாம் கொழுந்தனாரே, நீங்களே பாத்துக்கங்க" என்றாள். வண்டியில் ஏறும் முன்னால் என்னைக் கூப்பிட்டுத் தலையைத் தடவினாள்.

"அப்பு, அக்கா அன்னைக்கு ஏதோ வவுத்தெரிச்சல்ல சொல்லிட்டா. மனசுல வச்சுக்காத, என்ன? ஒன் சத்தியத்துக்கு நீ நல்லா இருப்ப."

வண்டிக்குள்ளிருந்து அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அப்பா பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மறுநாளிலிருந்து கிணறு முழுக்க எங்களுக்குத்தான். நிழலை அளக்க வேண்டிய தேவை இல்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மத்தியானம், நான் அப்பா பக்கத்தில் போய் உட்காரப் போனேன். "அங்கிட்டுப் போய்ச் சாப்பிடுடா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். என் கும்பா பழையபடி அடுப்படி வாசலுக்குப் போனது. அதற்குப் பிறகு நான் வீட்டில் அதிக காலம் இருக்கவில்லை. பதின்மூன்று வயதில் ஆலங்குடி மண்டியில் மூட்டை தைக்கப் போய்விட்டேன்.

அங்கிருந்து நான் ஆளான கதையை ஊரே சொல்லும். நான் சொல்வது அழகில்லை, ஆனாலும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இருபது வயதில் சொந்தத் தராசு, சொந்தக் கடை. கடலைக் கொட்டையை ஒரு கை அள்ளிப் பார்த்தே எவ்வளவு எண்ணெய் காணும் என்று சொல்லுவேன். என் தராசில் குன்றிமணி பிசகாது. தட்டில் ஒரு தூசி இருந்தாலும் துடைத்துவிட்டுத்தான் நிறுப்பேன். "இவனை மாதிரி ஒரு கறார்க்காரனைப் பாத்ததில்ல" என்று குடியானவர்கள் பேசிக்கொள்வார்கள். எதனால் அப்படித் துடைக்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியாது.

சமஸ்தானம் போய் சர்க்கார் மாறின சமயத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. எங்களில் கல்யாணத்துக்கு முதல் பாக்கு பெரியப்பன் வீட்டுக்குத்தான் வைக்க வேண்டும். அப்பா, "நீயே போயி வச்சுட்டு வா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அவரும் மறக்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளைச் சட்டை, கையில் கடிகாரம், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு அன்னவாசல் அண்ணன் வீட்டில் போய் இறங்கினேன். வாசலில் அந்த அண்ணன் பெண்டாட்டி இருந்தாள். "யாரு, எங்க நாத்தனாரோட கொழுந்தன் மகனா? அந்தா, கொல்லையில நெல்லு குத்துறா பாருங்க" என்றாள். கொல்லையில் பெரியாத்தா உலக்கையோடு நின்றாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. அது அவளுடைய நெல் இல்லை, அவளுடைய உலக்கை இல்லை. ஒருத்தர் அடுப்படிக்கும் போக மாட்டேன் என்று சொன்னவள்.

என்னைக் கண்டதும் உலக்கையைச் சாத்திவிட்டு ஓடி வந்தாள். "அப்பு! எம்புட்டு ஒசரமாயிட்ட!" உள்ளே கூட்டிப்போய்ப் பாய் விரித்தாள். அக்காவை அதே ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்; ஆள் அனுப்பி வரச் சொன்னாள். இடுப்பில் ஒரு பிள்ளையோடு வந்த அக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை.

பெரியாத்தா அண்ணன் பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் கூப்பிட்டு என்னைக் காட்டினாள். "நான் சொல்லுவேன்ல, நெழலு அளந்து சொல்ற பிள்ளைன்னு, அது இவுகதான். பச்ச வயசுலயே ஒரு சொல்லு மாறாது. எம் மக சண்டைக்கு வந்தா, அப்பவும் மாறலேயே! அந்தச் சத்தியந்தான் இன்னைக்குக் கடையும் கண்ணியுமா வச்சிருக்கு."

"ஆமா, மாறாது" என்றாள் அக்கா நிலையிலிருந்து. "இப்பக் கேட்டாலும் ஆறுன்னுதான் சொல்லும்."

"இன்னுமாடி அத விடல நீ? விருந்தாளியா வந்த பிள்ளைய..." என்று பெரியாத்தா சீறினாள்.

நான் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சிரித்துவிட்டுத் தாம்பாளத்தை நீட்டியிருக்கலாம். வியாபாரத்தில் எத்தனையோ பேச்சை அப்படித் தாண்டியிருக்கிறேன். ஆனால் பெரியாத்தா சீறியதும் அக்கா தலையைக் குனிந்தாள் பாருங்கள், பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் அப்படிக் குனிந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"நாலரை, பெரியாத்தா" என்றேன்.

"என்னது?"

"அன்னைக்கு நெழலு நாலரைதான். அக்கா எண்ணுனதுதான் சரி. அன்னைக்கு மட்டும் இல்ல. ஒரு மாசமா நான் தப்பாத்தான் சொன்னேன். நீங்க இறைக்க வேண்டிய தண்ணியத்தான் நாங்க இறைச்சோம்."

அக்கா இடுப்பிலிருந்த பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டாள். பெரியாத்தா என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒருவேளை அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும், கொழுந்தனோடு பகைத்தால் கிணற்றில் பங்கு போய்விடும் என்று பயந்துதான் மகளை அறைந்திருப்பாள் என்று நான் அத்தனை வருஷமும் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தத் தேறுதல் போய்விட்டது. அவளுக்குத் தெரியாது. முழுசாக நம்பியிருக்கிறாள்.

அவள் என் பக்கமே திரும்பவில்லை. மகளைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் எந்தக் கன்னத்துலடி அறைஞ்சேன்?"

"அதெல்லாம் போச்சு. விடு ஆத்தா."

"எந்தக் கன்னம்னு கேட்டேன்."

"எனக்கு ஞாபகம் இல்ல."

எனக்கு ஞாபகம் இருந்தது. இடது கன்னம். சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்ல எனக்கு என்ன பாத்தியம் என்று தோன்றி மூடிக்கொண்டேன். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"பாக்கை வச்சுட்டுப் போங்க" என்றாள் பெரியாத்தா. "மொறை மொறைதான். நான் வருவேன். இப்பப் போயிட்டு வாங்க தம்பி. நானும் எம் மகளும் கொஞ்சம் இருக்கணும்."

போ என்று சொல்லியிருக்கலாம். போங்க என்றாள். அப்பு என்று சொல்லவில்லை, தம்பி என்றாள்.

கல்யாணத்துக்கு வந்தாள். அக்கா வரவில்லை. மூத்த வீட்டுக்காரி செய்ய வேண்டியது ஒன்றையும் குறைக்காமல் செய்தாள். பந்தியில் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். எதிர்வரிசையில் பெரியாத்தா கையில் பாயசச் செம்போடு வந்துகொண்டிருந்தாள். என் இலைக்கு வந்ததும் நின்று, "தம்பிக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று கேட்டாள். போதும் என்று கையை இலை மேல் குறுக்கே வைத்தேன். கை எடுக்கும்வரை நின்றுவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

அவள் சாகும்வரைக்கும் நான் அவளுக்குத் தம்பிதான்.